அச்சுக்குப் போகும் முன் அந்த எண்களை விசாரியுங்கள்

மேனாம்பேடு, கருக்கு வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் பெற்றோருக்கும்,



பொதுத்தேர்வுக்கு முன்பாகப் பிள்ளைகளின் மனநலம் பற்றி நீங்கள் நடத்தவிருக்கும் கூட்டத்தின் நோட்டீஸ் வரைவைப் பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தீர்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ஒற்றுப்பிழை பார்க்கக் கொடுத்தால் அவன் கண் எண்ணில்தான் போய் நிற்கும். எழுத்தில் பெரிய குறை இல்லை. எண்களில் இருக்கிறது. இதே எண்கள் மேடைப் பேச்சிலும் பத்திரிகைத் தலைப்பிலும் கைபேசிச் செய்தியிலும் யாரும் விசாரிக்காமலேயே வலம் வருகின்றன. அதனால் ஒருவர் காதில் சொல்வதை விட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

இந்தியாவில் தற்கொலை பற்றி அச்சில் வரும் எண்களில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வருபவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் விபத்து மரணங்கள், தற்கொலைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதற்குள் எண் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். இயற்கைக்கு மாறான மரணம் நடந்தால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். நம் ஊரில் இன்றும் ‘நூத்தி எழுபத்தி நாலு’ என்றுதான் சொல்வோம்; 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 194ஆம் பிரிவு. விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்தபின் நிலையத்தில் ஒருவர் படிவத்தை நிரப்புகிறார். வயதுக்கு ஒரு கட்டம், தொழிலுக்கு ஒரு கட்டம், காரணத்துக்கு ஒரு கட்டம். நிலையங்களின் கணக்கை மாநிலம் திரட்டி டெல்லிக்கு அனுப்புகிறது. ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் புத்தகம் வருகிறது. 2022க்கான அறிக்கை வந்தது 2023 டிசம்பரில். 2023க்கான அறிக்கை வந்தது 2025 செப்டம்பரில். ஆகவே ‘இந்த ஆண்டு இத்தனை பேர்’ என்று யாராவது நாடு முழுவதற்கும் எண் சொன்னால், அது இந்தப் புத்தகத்தில் இருக்க முடியாது.

அந்தப் புத்தகத்தில் ‘பதின்வயதினர்’ என்று ஒரு கட்டமே கிடையாது. 18 வயதுக்குட்பட்டோர், 18 முதல் 30, பிறகு அதற்கு மேல் என்றுதான் பிரித்திருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பையனும் இரண்டு குழந்தைக்குத் தகப்பனான இருபத்தொன்பது வயதுக்காரரும் ஒரே கட்டத்தில். 2013 வரை வேறு பிரிவு: 14 வரை ஒன்று, 15 முதல் 29 வரை இன்னொன்று. 2014இல் கோட்டை மாற்றினார்கள். எனவே அதற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் பக்கத்தில் வைத்து ‘பதின்வயதுத் தற்கொலை இவ்வளவு கூடியது’ என்று சொல்ல அந்தப் புத்தகத்தை வைத்து முடியாது. யார் சொன்னாலும், எங்கேயோ ஒரு கட்டத்தை இன்னொரு கட்டமாக எண்ணியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் எண்ணப்படுவது ‘மாணவர்’ கட்டம். அது தொழில்வாரிப் பட்டியலில் வருவது. கல்லூரி, மேற்படிப்பு, போட்டித் தேர்வுப் பயிற்சி என்று இருபத்தைந்து வயதுக்காரரும் அதில் இருப்பார். பத்தாவதோடு நின்று தொழிற்பேட்டையில் லேத் வேலைக்குப் போன பதினாறு வயதுப் பையன் இருக்கமாட்டான். பதினெட்டில் கல்யாணமான பெண் ‘இல்லத்தரசி’ கட்டத்துக்குப் போய்விடுவாள். படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றி நம் நோட்டீஸில் ஒரு வரி கூட இல்லாமல் போனதற்கு இந்தக் கட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் வரிகளுக்கு வருகிறேன்.

‘இந்தியாவில் மணிக்கு ஒரு மாணவர்’ என்பது முதல் வரி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 2015இல் மாணவர் கட்டத்தில் 8,934 மரணங்கள். அந்த ஆண்டுக்கு அந்த வாசகம் பொருந்தியது. 2022இல் 13,044. வகுத்துப் பார்த்தால் நாற்பது நிமிடத்துக்கு ஒருவர். வாசகம் பழசாகிவிட்டது, ஆனால் யாரும் கழற்றவில்லை. உலகக் கணக்கிலும் இதே கதைதான். ‘நாற்பது நொடிக்கு ஒருவர்’ என்பது உலகில் ஆண்டுக்கு எட்டு லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன காலத்தது. 2021க்கு அது தரும் மதிப்பீடு 7,27,000. இப்போது நாற்பத்து மூன்று நொடி வருகிறது. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் ‘இத்தனை நிமிடத்துக்கு ஒருவர்’ என்ற பாணியே எனக்குப் பிடிப்பதில்லை. மக்கள்தொகை எவ்வளவு என்பதை மறைத்துவிட்டு, ஏதோ கடிகாரம் வைத்து நடப்பது போன்ற பயத்தை மட்டும் அது மனதில் ஏற்றுகிறது.

அடுத்தது ‘பத்தாண்டில் மாணவர் தற்கொலை இரட்டிப்பு, இளையோர் எண்ணிக்கையோ குறைந்துவிட்டது’ என்ற வரி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஐசி3 என்ற கல்வி அமைப்பு வெளியிட்ட அறிக்கையிலிருந்து நாடெங்கும் பத்திரிகைகள் எடுத்துப் போட்ட செய்தி இது. 0 முதல் 24 வயது வரையுள்ளோர் 58.2 கோடியிலிருந்து 58.1 கோடியாகக் குறைந்தபோது, மாணவர் தற்கொலை 6,654இலிருந்து 13,044 ஆனது என்றது அந்த அறிக்கை. இரண்டு எண்களும் காப்பகத்தின் புத்தகத்தில் உள்ளவைதான். பொய்யில்லை. ஆனால் 6,654 என்பது 2012ஆம் ஆண்டின் எண். அந்த ஆண்டு மேற்கு வங்கம் மொத்த எண்ணிக்கையை மட்டும் அனுப்பியது. வயது, தொழில் விவரங்களை அனுப்பவில்லை. நாட்டின் மொத்தம் 1,35,445 என்றிருக்க, விவரப் பட்டியல்கள் 1,20,488 பேருக்குத்தான் போடப்பட்டன. கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் பேரின் விவரம் அதில் கிடையாது. அவர்களில் மாணவர் எத்தனை பேரோ. மறு ஆண்டு வங்கத்தின் விவரமும் சேர்ந்தது. மாணவர் எண்ணிக்கை ஒரே தாவாக 8,423க்குப் போனது. அங்கிருந்து கணக்குத் தொடங்கினால் 2022 வரை உயர்வு ஏறக்குறைய 55 சதவீதம். தொடக்க ஆண்டை ஒன்று தள்ளியதும் ‘இரட்டிப்பு’ காணாமல் போய்விடுகிறது.

வகுக்கும் எண்ணையும் பாருங்கள். மாணவர் மரணத்தை மாணவர் தொகையால் அல்லவா வகுக்க வேண்டும்? 0 முதல் 24 என்றால் தொட்டில் குழந்தையும் அதில் அடக்கம். பிறப்பு குறைந்ததால் அந்தத் தொகை குறைந்தது. அதே காலத்தில் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள் பெருகினார்கள்: மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15இல் 3.42 கோடி, 2021-22இல் 4.33 கோடி. முன்பு ‘வேலையில்லாதவர்’, ‘தினக்கூலி’ கட்டத்தில் போயிருக்கக்கூடிய இருபது வயதுக்காரர் இப்போது ‘மாணவர்’ கட்டத்தில் வருகிறார். இதையெல்லாம் கழித்த பிறகும் உயர்வு மிச்சம் இருக்கிறது. குறிப்பாக 2019இல் 10,335 ஆக இருந்தது கொரோனா ஆண்டான 2020இல் 12,526 ஆனது. அதை மறைக்கச் சொல்லவில்லை. 55 சதவீதமே கூட்டம் போடப் போதுமான காரணம். அதை நூறாக்கிக் காட்ட என்ன அவசியம்?

மூன்றாவது வரிதான் என்னை உலுக்கியது: ‘தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148 பேர், உலகிலேயே அதிகம்’. இந்த எண்ணின் பூர்வீகம் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தில் பல்லாண்டுகளாகச் சமுதாய சுகாதாரப் பணி செய்துவருகிறது. 1992 முதல் 2001 வரை அந்த ஒன்றியத்தில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் மரணங்களை மருத்துவர் ரீட்டா ஆரோனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2004 ஏப்ரலில் லான்செட் இதழில் எழுதினார்கள். பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58. அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் எழுதின.

நான் மதிக்கும் எண் இது. ஏனென்றால் அது காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து எடுத்ததல்ல. கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளர். ஊரில் ஒரு பிறப்பு, ஒரு இறப்பு தப்பாமல் அவர் குறிப்பார். அதை மேலே உள்ளவர்கள் சரிபார்ப்பார்கள். மரணம் நடந்த வீட்டில் உட்கார்ந்து பேசி, என்ன நடந்தது என்று கேட்டுக் காரணத்தை முடிவு செய்வார்கள். பல காலம் பழகிய முகத்திடம், காக்கிச் சட்டையிடம் சொல்லாததை வீட்டார் சொல்வார்கள். 2003இல் இதே குழுவைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், 1994 முதல் 1999 வரை எல்லா வயதினருக்குமான விகிதம் லட்சத்துக்கு 95 என்று கண்டார்கள். அன்றைய அரசுக் கணக்கின் தேசிய சராசரியைப் போலப் பல மடங்கு.

ஆனால் அது ஓர் ஒன்றியத்தின் எண். மக்கள்தொகை 1,08,000. அதில் 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகள் ஏறத்தாழ பத்தாயிரம், பதினோராயிரம் பேர் இருப்பார்கள். 148 என்ற விகிதத்துக்கு உள்ளே இருப்பது ஆண்டுக்குப் பதினைந்து பதினாறு மரணங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீடு. எண்ணிக்கை சின்னது என்பதால் துயரம் சின்னதாகிவிடாது. ஆனால் அந்த எண்ணை மாநிலத்தின் மேல் போர்த்த முடியாது. போர்த்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் அந்த வயதுப் பெண்கள் அரைக் கோடிக்கு மேல். லட்சத்துக்கு 148 என்றால் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கும் அதிகமான சிறுமிகள். 2022இல் தமிழ்நாட்டில் எல்லா வயதிலும், ஆண் பெண் சேர்த்துப் பதிவான மொத்தமே 19,834. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதின்வயதுப் பெண்களா? பதிவில் எவ்வளவு விட்டுப்போயிருந்தாலும் கணக்கு ஒட்டவில்லை. தவிர, அந்த ஆய்வு முடிந்தபோது பிறந்த பெண் குழந்தைகள் இன்று பட்டம் முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

‘உலக சராசரியைப் போலப் பத்து மடங்கு’ என்று அன்றைக்குச் செய்திகளில் வந்த ஒப்பீடும் சரியில்லை. 14.5 என்ற அந்த உலக எண் எல்லா வயதினருக்குமானது. ஒரு ஒன்றியத்தின் பதின்வயதுப் பெண்களை உலகத்தின் கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரோடும் நிறுத்திப் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘அப்படியானால் எல்லாம் ஊதிப் பெரிதாக்கியதுதானா’ என்று யாராவது கேட்டால், தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மை எண் பெரும்பாலும் அரசுக் கணக்கை விடக் கூடுதல். விக்ரம் பட்டேல் உள்ளிட்டோர் 2012இல் லான்செட்டில் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, 2010இல் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 1,87,000 தற்கொலைகள் நடந்திருக்கும் என்று மதிப்பிட்டது. காப்பகம் அந்த ஆண்டுக்குக் காட்டியது சுமார் 1,34,600. பெண்கள் விஷயத்தில் இடைவெளி இன்னும் அதிகம். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். தற்கொலை முயற்சியே குற்றம் என்று 309ஆம் பிரிவு வெகுகாலம் மிரட்டியது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது, புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால் பயம் சட்டத்தோடு போய்விடவில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அக்கம்பக்கம் பேசும், ‘வயித்து வலி’ என்று எழுதிவிடுங்கள் என்று கெஞ்சுகிற வீடுகள் இன்றும் உண்டு.

அதனால்தான் மாநிலங்களை வரிசைப்படுத்தும் பட்டியலையும் அப்படியே நம்புவதில்லை. 2022இல் தமிழ்நாட்டின் விகிதம் லட்சத்துக்கு 25.9, கேரளம் 28.5, பீகார் 0.6. பீகாரில் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை என்று யாராவது நம்புகிறீர்களா? நம் எண் உயர்ந்திருப்பதில் நம் துயரமும் இருக்கிறது, நம் ஊர்க் காவல் நிலையங்களும் மருத்துவமனைகளும் ஒழுங்காகப் பதிவதும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். வரைவின் ஓரத்தில் யாரோ பேனாவால் ‘நம் பகுதியில் 100% உயர்வு’ என்று சேர்த்திருக்கிறார்கள். நம் பகுதி என்பது எது? 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்து நாம் ஏழாவது மண்டலம் ஆனோம். ஆனால் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்து, 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது நம் காவல் நிலையம் அங்கே போனது. வரி மாநகராட்சிக்கு, பட்டா சென்னை மாவட்டத்தில், புகார் ஆவடிக்கு. இங்குள்ள பிள்ளையைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அங்கே உயிர் பிரிந்தால், இறப்புப் பதிவும் அங்கேதான். இறந்த இடத்தில் பதிவு செய்வதுதான் சட்டம். ‘சென்னையில் கூடியது’, ‘ஆவடியில் குறைந்தது’ என்று ஆண்டுகளை ஒப்பிடுகிறவர், எந்த எல்லைக்குள் எண்ணியது என்று முதலில் சொல்லட்டும்.

நகரங்களுக்கான விகிதத்தில் இன்னொரு கோளாறு உண்டு. 2021இல் சென்னையில் 2,699 தற்கொலைகள். அதை வகுக்க எடுப்பது 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகை, சுமார் 87 லட்சம். பதிலாக வருவது லட்சத்துக்கு 31. அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய அளவிலேயே சட்டை தைப்பது போலத்தான். இந்தப் பத்தாண்டில் கருக்கிலும் கள்ளிக்குப்பத்திலும் முளைத்த அடுக்குமாடிகளில் குடியிருப்போர் அந்த வகுத்தலில் இல்லை. அவர்கள் வீட்டுத் துயரம் மட்டும் மேலே சேர்ந்துகொள்கிறது.

அந்த ‘100%’க்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் சுற்றுவட்டாரத்தில் ஐந்தாயிரம் பதின்வயதுப் பிள்ளைகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் லட்சத்துக்கு 20 என்றாலும் ஆண்டுக்கு ஒரு மரணம். ஓர் ஆண்டு ஒன்றும் இருக்காது, ஓர் ஆண்டு இரண்டு இருக்கும். ஒன்று இரண்டானால் நூறு சதவீத உயர்வு. மறு ஆண்டு இல்லையென்றால் நூறு சதவீதக் குறைவு. இத்தனை சின்ன ஊருக்குச் சதவீதமே போடக் கூடாது. போட்டால் அந்த இரண்டு வீடும் யாருடையது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காரக்கூடும்.

கடைசியாக, ‘முக்கியக் காரணம் தேர்வு பயம்’ என்ற வரி. இதை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் நாம் படிக்கும் செய்திகள் அப்படித்தான் நினைக்க வைக்கின்றன. ஆனால் 2021இல் 18 வயதுக்குட்பட்டோரில் பதிவான பத்தாயிரத்து எழுநூறு சொச்சம் மரணங்களில் தேர்வுத் தோல்வி என்று எழுதப்பட்டவை 864. நூற்றுக்கு எட்டு. குடும்பப் பிரச்சினை 3,233. காதல் விவகாரம் 1,495. நோய் 1,408. காரணக் கட்டம் ஒன்றே ஒன்று என்பதையும், வீட்டார் சொன்னதைக் காவலர் எழுதுவது என்பதையும் மறக்கக் கூடாது. தேர்வில் தவறி, அதனால் வீட்டில் சண்டை என்றால் அது எந்தக் கட்டம்? இருந்தாலும் எடை எந்தப் பக்கம் என்று தெரிகிறது. நோட்டீஸில் தேர்வை மட்டும் எழுதினால் மதிப்பெண் நன்றாக வாங்கும் பெண்ணின் அம்மா ‘நமக்கு இது இல்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். கூட்டத்துக்கு வர வேண்டியவர்களில் அவரும் ஒருவர். எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி நான் மல்லுக்கு நிற்பது இதற்காகத்தான்.

பதின்வயதில் இருப்பவர்களும் இந்த நோட்டீஸைப் படிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ‘எல்லோரும் செய்கிறார்கள், நாளுக்கு நாள் கூடுகிறது’ என்ற தொனி தளர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்தானது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் தற்கொலைச் செய்திகளுக்கு விதி வகுத்திருக்கிறது: பெரிய தலைப்பு வேண்டாம், முறையை விவரிக்க வேண்டாம், படம் வேண்டாம். பத்திரிகைக்குப் பொருந்துவது நம் நோட்டீஸுக்கும் பொருந்தும். வரைவில் போட்டிருக்கும் கறுப்புப் படத்தை எடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன நான்கு வரிகளையும் ஓரத்துச் சேர்க்கையையும் நீக்கிவிட்டு ஒரே ஓர் எண் போதும் என்பது என் யோசனை: 2022இல் தமிழ்நாட்டில் காவல்துறைப் பதிவின்படி 1,416 மாணவர்கள். ஆண்டையும், எங்கிருந்து எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மாணவர் என்றால் கல்லூரியும் சேர்த்து என்று எழுதுங்கள். மிச்ச இடத்தில் பிள்ளைகளுக்குப் பயன்படுவதைப் போடலாம். பொதுத்தேர்வில் தவறினால் ஓராண்டு வீணாகாது, அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. அரசின் டெலி மானஸ் 14416. மாநிலச் சுகாதார உதவி எண் 104. உங்கள் வரைவில் இவற்றில் ஒன்று ஓர் இலக்கம் குறைவாக அச்சாகியிருக்கிறது. மற்ற திருத்தங்களை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அதை மட்டும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் கட்டாயம் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
மேனாம்பேட்டிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்